ஸ்பிரிங்கை வெட்டாதீங்க! காருக்கு "ஷாக்" மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

சென்னை:

வேகத்தடையில் ஏறினால் அடியில் "டங்"குன்னு இடிக்குது. திருப்பத்தில் வண்டி சாயுது. பிரேக் அடிச்சா மூக்கு குத்துது. பழைய கார் வைத்திருப்பவர்களும், டாக்சி ஓட்டுபவர்களும் அடிக்கடி புலம்புவது இதுதான்.

உடனே ஜி.பி.ரோட்டுக்கோ, புதுப்பேட்டைக்கோ போய் கிடைத்ததை வாங்கி மாட்டி விடுகிறார்கள். இதில் காசும் வீண். சில நேரம் உயிருக்கும் ஆபத்து.

யாருக்கு என்ன வேலை?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பர். ஷாக் போய்விட்டால் சக்கரம் ரோட்டில் பதியாமல் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு பிரேக் சரியாகப் பிடிக்காது.

காரின் ஒரு மூலையை கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் பரவாயில்லை. இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் காலி. அதில் ஆயில் கசிந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய ஷாக்குக்கு பெயிண்ட் அடித்து விற்றால் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. அதற்கு மட்டும் புதுசுதான் நல்லது.

"கடகட" சத்தம் மட்டும் வந்தால் அவசரப்பட்டு ஷாக்கை மாற்றாதீர்கள். புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும்.

ரப்பர் வைக்கலாமா?

வண்டி தாழ்ந்துவிட்டது என்று ஸ்பிரிங் நடுவே ரப்பர் சொருகுகிறார்கள். உயரம் கூடும். ஆனால் ரப்பர் பிடித்த சுருள் வேலை செய்யாது. பாரம் மற்ற சுருள்களில் விழும். நாளடைவில் ஸ்பிரிங் உடையலாம். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு புது ஸ்பிரிங்தான் மருந்து.

சில இளைஞர்கள் "லுக்"குக்காக ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறார்கள். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைத்துப் போகும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. குடும்பத்தோடு போகும்போது இப்படி ஆனால் என்ன ஆகும்?

டயர் முக்கியம்

வண்டி ரோட்டில் ஒட்டி ஓட வேண்டும் என்றால் முதல் செலவு டயருக்குத்தான். பெரிய வீல் போட்டாலும் மொத்த உயரம் மாறக்கூடாது. ஸ்விப்ட் காரில் 165/80 ஆர்14, 185/65 ஆர்15 என இரண்டு அளவும் கம்பெனியே கொடுத்துள்ளது. இரண்டின் உயரமும் சுமார் 62 செ.மீ.தான். உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிட குறைத்துக் காட்டும். உடம்பிலும் உரசும்.

அபராதம் உண்டு

கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவது மோட்டார் வாகன சட்டப்படி குற்றம். 2019-ம் ஆண்டு திருத்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும்.

எனவே முதலில் காற்று, டயர். அடுத்து புஷ். பிறகு ஷாக், ஸ்பிரிங். கடைசியில் மறக்காமல் வீல் அலைன்மெண்ட். இந்த வரிசையில் போனால் பாக்கெட்டுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.