கூடுவாஞ்சேரி மொட்டை மாடியில் ராணுவத்தின் 'இரவுக் கண்'!

கேமராவுடன் சேர்த்தால் வானத்து மேகத்தையும் படம் பிடிக்கலாம், தெருவிளக்குதான் தடை

கூடுவாஞ்சேரி,–

இரவு 9 மணி. கூடுவாஞ்சேரியில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் இறங்கி ஓடுகிறார்கள். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை. பஸ், லாரி, கார் என்று விளக்குகளின் ஊர்வலம்!

வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் கறுப்பாக இல்லை. சாம்பல் பூசினாற்போல் கிடக்கிறது. விரல் விட்டு எண்ணினால் பத்து, இருபது நட்சத்திரம் தேறும்.

"எங்க காலத்துல மாடியில பாய விரிச்சுப் படுத்தா, வானம் பூரா அரிசி கொட்டுன மாதிரி இருக்கும்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த வானத்தைத் திரும்பப் பார்க்க வழி இருக்கிறதா?

ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் ஒளிபெருக்கிக் குழாய்.

"ராத்திரியில எதிரி வர்றதப் பார்க்க ராணுவத்துல வச்சிருப்பாங்களே, பச்சையா தெரியுமே, அதுவா?" என்று கேட்கலாம். அதேதான்! அந்தக் குழாயை டெலஸ்கோப்புக்கும் டிஜிட்டல் கேமராவுக்கும் நடுவில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வானம் படமாகிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

கையில் அடங்கும் சின்னக் குழாய் அது. முன்பக்கம் ஒரு பூச்சு. மங்கலான வெளிச்சம் அதன்மேல் பட்டதும் எலக்ட்ரான்கள் தெறிக்கும்.

அடுத்து ஒரு மெல்லிய கண்ணாடித் தட்டு. சல்லடை மாதிரி பல லட்சம் துளைகள். ஒவ்வொரு துளையும் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். துளைக்குள் நுழைகிற ஒரு எலக்ட்ரான் சுவரில் மோதும். மோதிய இடத்தில் இன்னும் சில கிளம்பும். அவையும் மோதும். ஒன்று ஆயிரமாகப் பெருகி வெளியே கொட்டும்.

கடைசியில் ஒரு திரை. எலக்ட்ரான்கள் மோதியதும் அது பளிச்சென்று ஒளிரும். பெரும்பாலும் பச்சை நிறம். இப்படிப் பல ஆயிரம் மடங்கு வெளிச்சம் கூடிவிடுகிறது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடினாலும், வெளியே போடுவது சின்ன பேட்டரி கட்டைதான்!

கேமராவை எப்படிப் பொருத்துவது?

டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் குழாயைப் பொருத்த வேண்டும். குழாயின் திரை, பல கருவிகளில் 18 மில்லிமீட்டர் அகலம்தான். அந்தத் திரையைத்தான் கேமரா படம் பிடிக்கிறது.

இதற்கு இரண்டு வழி. திரைக்குப் பின்னால் உள்ள பார்வைக் கண்ணாடியில் கேமராவையோ செல்போனையோ ஆடாமல் மாட்டிவிடுவது சுலபமான வழி. பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டத்துப் பொருளைப் பெரிதாக எடுக்கும் லென்சை நேராகத் திரையில் குவிப்பது இன்னொரு வழி. இரண்டிலும் போகஸ் இரண்டு தடவை செய்ய வேண்டும். முதலில் நட்சத்திரம் திரையில் கூர்மையாக விழ வேண்டும். பிறகு திரை கேமராவில் கூர்மையாக விழ வேண்டும். ஒன்று பிசகினாலும் படம் கொழகொழதான்!

திரையில் எந்நேரமும் மினுமினுவென்று புள்ளிகள் துள்ளும். இங்கேதான் டிஜிட்டல் கேமரா கை கொடுக்கிறது. ஒரே இடத்தை 100 படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால், புள்ளித் தொல்லை பத்தில் ஒரு பங்காகக் குறையும். நட்சத்திரம் அப்படியே நிற்கும்.

காவலூரில் அன்றே செய்தார்கள்

இது புது வித்தை அல்ல. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வுக் கூடத்தில், 1972–ல் வந்த 1 மீட்டர் டெலஸ்கோப்போடு ஒளிபெருக்கிக் குழாயைச் சேர்த்து வேலை பார்த்தார்கள். அப்போது டிஜிட்டல் கேமரா ஏது? குழாயின் திரையில் தெரிந்ததை போட்டோ பிலிமில் பதித்தார்கள்.

அந்தக் கூடத்தை உருவாக்கிய வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். 1982–ல் மறைந்தார். அங்குள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு 1986–ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அதே வித்தை பிறகு விண்வெளிக்கே போனது! 2015 செப்டம்பர் 28–ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 'அஸ்ட்ரோசாட்' புறப்பட்டது. அதில் இருந்த புற ஊதா டெலஸ்கோப்பின் கண் எது தெரியுமா? ஒளிபெருக்கிக் குழாய், அதன் முதுகில் ஒட்டிய டிஜிட்டல் கேமராச் சில்லு. முழுப் படமாக எடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 29 படம். ஒவ்வொரு ஒளித்துகளும் வந்து விழுந்த இடத்தைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும்.

அந்தக் கண் 930 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருந்த ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் வெளிச்சத்தையே பிடித்துவிட்டது. புனே விஞ்ஞானி கனக் சாஹாவின் குழு 2020 ஆகஸ்டில் அதை உலகுக்கு அறிவித்தது.

கூடுவாஞ்சேரியில் எடுபடுமா?

இங்கேதான் சிக்கல். குழாய்க்கு நட்சத்திரமும் ஒன்றுதான், தெருவிளக்கும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே பெருக்கும்! வடக்கே சென்னை வெளிச்சம். ஊரப்பாக்கம் தாண்டினால் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம். சாம்பல் வானத்தைக் குழாயில் பார்த்தால் பச்சைச் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கும்.

தப்ப ஒரு உபாயம் உண்டு. விண்வெளியில் சூடான ஹைட்ரஜன் மேகங்கள் 656 நானோமீட்டர் என்ற ஒரே சிவப்பு ஒளியை வீசுகின்றன. அந்த ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டிக் கண்ணாடியைக் குழாய்க்கு முன்னால் போட்டால், தெருவிளக்கின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். மேகம் மட்டும் உள்ளே வரும்.

மார்கழி இரவில் திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரியன் மேகத்தை இப்படிப் பிடிக்கலாம். தூரம் ஏறக்குறைய 1,350 ஒளி ஆண்டு. சித்திரை மாலையில் தெற்கே தாழ்வாகத் தெரியும் கரைனா மேகத்தையும் பிடிக்கலாம்.

ஆனால் தொலைதூர நட்சத்திரக் கூட்டங்களுக்கு இந்த வடிகட்டி உதவாது. அவற்றின் வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. அதற்கு இருட்டுதான் வேண்டும்.

வாங்கும் முன் யோசியுங்கள்

நல்ல குழாயின் விலை லட்சக்கணக்கில் போகிறது. ராணுவச் சாமான் என்பதால் பல நாடுகள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது. பலத்த வெளிச்சம் பட்டால் குழாய் பாழ். பகலில் மூடியைக் கழற்றவே கூடாது. உள்ளே மின்சாரம் இருப்பதால் பிரித்துப் பார்க்கவும் கூடாது.

அசையாத மேகத்தைப் படம் எடுக்க, பொறுமை இருந்தால் குழாயே வேண்டாம். இன்றைய டிஜிட்டல் கேமராவைப் பல நிமிடம் திறந்து வைத்தால் போதும். விருட்டென்று பாயும் எரிநட்சத்திரத்துக்கு அந்தப் பொறுமை உதவாது. அங்கேதான் குழாய் ராஜா! கனடாவில் எரிநட்சத்திர ஆராய்ச்சிக்குக் குழாய் பொருத்திய கேமராக்களையே வைத்திருக்கிறார்கள்.

காசில்லாத கருவி

லடாக்கில் ஹன்லே என்ற மலைக் கிராமத்தைச் சுற்றி இருட்டைக் காப்பாற்றவே 2022–ல் ஒரு காப்பகம் அறிவித்தார்கள். அங்குள்ளவர்கள் விளக்குக்கு மூடி போடுகிறார்கள். ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள்.

கூடுவாஞ்சேரியை ஹன்லே ஆக்க முடியாதுதான். ஆனால் வாசல் விளக்குக்கு ஒரு தகரக் குல்லா போடலாமே! வெளிச்சம் தரையில் விழும், வானத்துக்குப் போகாது. படுக்கப் போகும்போது மாடி விளக்கை அணைக்கலாமே!

லட்ச ரூபாய்க் குழாய் வெளிச்சத்தைத்தான் பெருக்கும். இருட்டை உண்டாக்க அதனால் முடியாது. அது தெருவில் குடியிருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.