உங்களுக்குத் தெரியுமா? கொல்கத்தாவின் மாடித் தோட்டங்கள்

நம்மைப் போலவே வங்காளிகளும் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிப்பவர்கள். கொல்கத்தாவில் பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கூட அந்தக் கணக்குப்படிதான் மண்ணைக் கிளறுகிறார். மழையில் தொடங்கிக் கோடை வரை அவர்களோடு ஒரு சுற்று வருவோமா?

தேர்த் திருவிழாவில் செடிச் சந்தை
ஜெகந்நாதர் ரத யாத்திரை வரும் ஜூன், ஜூலையில் வங்காளத்தின் ரத மேளாக்களில் பொரித்த அப்பளம், ஜிலேபிக்கு அடுத்தபடியாகச் சூடாக விற்பவை செடிகள். மா, கொய்யா, எலுமிச்சை, செம்பருத்தி என்று கன்றுகளைக் கையில் பிடித்தபடி வீடு திரும்புவார்கள். அங்கே பருவமழை ஜூன் நடுவில் இறங்கிவிடும். நட்ட கன்றுக்கு வானமே தண்ணீர் ஊற்றும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஞாயிறு என்றால் கேலிஃப் தெரு
வடகொல்கத்தாவின் பாக்பஜார் பக்கம் கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் சந்தை கூடும். வண்ண மீன், நாய்க்குட்டி விற்பவர்களின் வரிசையிலேயே செடி, தொட்டி, உரம் எல்லாம் கிடைக்கும். எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்பதை வாங்க வந்த பழைய கைகளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நினைவு நாளில் மரக்கன்று
சாந்திநிகேதனில் மரம் நடும் விழாவை 1928-ல் தொடங்கிவைத்தவர் ரவீந்திரநாத் தாகூர். கன்றைப் பல்லக்கில் ஏற்றி, ஆட்டம் பாட்டத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் நடுவார்கள். 1941-ல் சிராவண மாதம் 22-ம் நாள் அவர் மறைந்தார். இன்று அதே நாளில்தான் அந்த விழா நடக்கிறது.

பெரிய பூவின் ரகசியம்
குளிர்காலத்தில் கொல்கத்தா மாடிகளை நிறைக்கும் ‘சந்திரமல்லிகா’ நம் சாமந்திதான். ஆனால் ஒரு பூ உள்ளங்கையை மறைக்கும். வேலை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் நுனித்தண்டை வெட்டி மணலில் ஊன்றி வேர் பிடிக்கவைப்பார்கள். பொழுது சுருங்கினால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். இரவில் தெருவிளக்கு வெளிச்சம் பட்டால் மொட்டு தள்ளிப்போகும். அதனால் தொட்டியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மொட்டுகள் மிளகளவு இருக்கும்போதே நடு மொட்டை மட்டும் விட்டுச் சுற்றி உள்ளவற்றை நகத்தால் கிள்ளிவிடுவார்கள். செடியின் பலம் முழுதும் அந்த ஒரே பூவுக்குப் போகும்.

கடுகுப் புண்ணாக்குத் தண்ணீர்
கடலைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு நமக்குப் பழக்கம். கடுகெண்ணெயில் சமைக்கும் ஊரில் கடுகுப் புண்ணாக்கு. அதைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, பால் கலக்காத தேநீரின் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றுவார்கள். டாலியாவுக்கும் இதே ஊட்டம்தான். கெட்டியாக ஊற்றினால் வேர் வெந்துபோகும். நாற்றம் பலமாக அடிக்கும், பலனும் அப்படியே!

ஒன்பது செடியாக வரும் துர்கை
துர்கா பூஜையின் சப்தமி விடியலில் நவபத்திரிகையை ஆற்றுக்கோ குளத்துக்கோ கொண்டுபோய் நீராட்டுவார்கள். வாழை, சேம்பு, மஞ்சள், சிற்றகத்தி, வில்வம், மாதுளை, அசோகம், பெரிய இலைச் சேம்பு, நெல் ஆகிய ஒன்பதையும் சங்குப்பூக் கொடியால் கட்டி, சிவப்புக்கரைச் சேலை சுற்றிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். வீட்டுக் கொல்லையில் வளரும் செடிகளே அங்கே அம்மன்.

பதினான்கு கீரை நாள்
காளி பூஜைக்கு முந்தைய நாள் 14 விளக்கு ஏற்றி, 14 வகைக் கீரை சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுவது வங்காள வழக்கம். மழை ஓய்ந்து பனி தொடங்கும் அந்த நேரத்தில் எந்தக் கீரை எங்கே முளைக்கும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

இருநூறு வயது தாண்டிய சங்கம்
பாதிரியார் வில்லியம் கேரி 1820-ல் தொடங்கிய இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் அலிப்பூரில் இயங்குகிறது. அதன் குளிர்கால மலர்க் கண்காட்சிக்கு நகரமே திரளும். இங்கிலாந்திலிருந்து விதை வந்த பையைக் கேரி தன் செராம்பூர் தோட்டத்தில் உதறினாராம். ஒட்டியிருந்த மண்ணிலிருந்து ஒரு டெய்சிச் செடி முளைக்க, பூரித்துப்போய் ஊருக்குக் கடிதம் எழுதினார். ஒரே செடியில் வெள்ளையும் கருஞ்சிவப்புமாகப் பூக்கும் ‘மேரி பாமர்’ காகிதப்பூவும் 1949-ல் கொல்கத்தாவில் தோன்றியதுதான்.

நீலகிரித் தேயிலைக்கு ஒரு தாய்வீடு
ஹூக்ளி ஆற்றின் அக்கரையில், சிப்பூரில் 1787-ல் ராபர்ட் கிட் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த தேயிலை விதைகளை 1830-களில் இங்கே முளைக்கவைத்து அஸ்ஸாமுக்கும் குமாவுனுக்கும் தென்னிந்தியாவுக்கும் அனுப்பினார்கள். ஒரு பங்கு நீலகிரிக்கும் வந்தது. சிப்பூர் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரத்தைப் பூஞ்சை தாக்கியதால் 1925-ல் அகற்றினார்கள். விழுதுகளின் பலத்திலேயே மரம் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

கழிவுநீர் ஊட்டும் காலிஃபிளவர்
நகரின் கழிவுநீர் கிழக்கு கொல்கத்தா ஈரநிலங்களின் குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் அதைத் தெளியவைக்க, மீன் வளர்கிறது. வெளியேறும் நீர் வயலுக்குப் பாய்கிறது. பக்கத்திலேயே தாப்பாவில், பழைய குப்பை மக்கிய நிலத்தில் காலிஃபிளவரும் கீரையும் விளைகின்றன. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குப் பறிகொடுக்காமல் இதைக் காப்பது நகரத்தின் கடமை.

பூவும் உணவுதான்
குளிர் விலகும் பிப்ரவரியில் முருங்கைப்பூ சமையலுக்கு வந்துவிடும். அம்மை போன்ற பருவ நோய்களுக்கு அது காப்பு என்பது நம்பிக்கை. அகத்திப்பூ, பூசணிப்பூ இரண்டையும் மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். பூசணியில் ஆண் பூவைப் பறித்தால் காய்ப்பு குறையாது. மகரந்தத்துக்கு மட்டும் சில பூக்களைக் கொடியில் விட்டுவிட வேண்டும்.

கோடைப் புயலும் கொசுவும்
ஏப்ரல், மே மாலைகளில் காலவைசாகிப் புயல் திடீரென்று அடிக்கும். மாடித் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைப்பது அதற்காகத்தான். தொட்டிக்கடியில் உள்ள தட்டில் நீர் தேங்கினால் டெங்கு கொசு பெருகும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

ஒரு செடி, பல வீடு
பூத்து முடிந்த சாமந்தியைத் தூக்கிப்போட வேண்டாம். தண்டைக் கட்டையாக வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அடுத்த மழைக்குள் ஒரு தாய்ச்செடி பல வீடுகளுக்குக் கன்று கொடுத்துவிடும். மாடித் தோட்டங்கள் பெருகுவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான். உங்கள் தெருவில் நல்ல சாமந்தி வைத்திருப்பவர் யாரென்று பார்த்து ஒரு கன்று கேளுங்கள். அது பிழைத்ததும் நீங்கள் இரண்டு பேருக்குக் கொடுங்கள்.