கூரைக்கும் ஒரு கணக்கு உண்டு

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் கூரை வேலை தொடங்கிவிடும். நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். விரிசல் விட்ட சிமென்ட் ஷீட்டுக்குத் தார் பூசுவார்கள். தகரத்தின் மேல் செங்கல்லும் பழைய டயரும் ஏறும். அந்தக் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதை மட்டும் அனுபவமும் நம்பிக்கையும்தான் தீர்மானிக்கின்றன.

பனி பெய்யும் நாடுகளில் இந்தக் கணக்கைப் போடாமல் கட்டடம் எழும்பாது. புதுப்பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ. இறுகிய பனி 300 கிலோவைத் தாண்டும். சாதாரணச் சாய்கூரைக்குச் சூத்திரம் போதும். வளைவும் ஏற்ற இறக்கமும் உள்ள கூரையில் காற்று பனியை வாரி, உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் குவித்துவிடும். அங்கே சராசரிக் கணக்கு உதவாது. 2006 ஜனவரியில் போலந்தின் கத்தோவித்சே நகருக்கருகே கண்காட்சிக் கூடத்தின் கூரை பனியின் பாரத்தில் சரிந்து 65 பேர் இறந்தார்கள்.

இந்தியாவிலும் ஐஎஸ் 875 நெறிமுறையின் நான்காம் பகுதி பனிச்சுமைக்கானது. அது இமயமலை ஊர்களுக்குப் பயன்படும். மும்பையில் பனியின் இடத்தில் மழையும் காற்றும் நிற்கின்றன. லேபர் கேம்ப் வீடுகளும் சூத்திரத்துக்குள் அடங்காதவைதான்: வரைபடம் கிடையாது, ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீட்டின் இரும்பு ஆங்கிள் உட்கார்ந்திருக்கும், மாலா (மேல்மாடி) எழுப்பிய வீட்டின் தண்ணீர் பக்கத்துத் தாழ்ந்த கூரையில் கொட்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் பதிவானது 944 மில்லிமீட்டர். வழிந்து ஓடினால் பயமில்லை. தார்ப்பாய் தொய்ந்து பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு நெறிமுறை வைக்கும் சுமையே சுமார் 75 கிலோதான். பாரம் கூடக் கூடத் தொய்வு கூடும். தொய்வில் இன்னும் தண்ணீர் சேரும்.

காற்றோ மேல்நோக்கி இழுக்கும். 2021 மே 17 அன்று டவ்-தே புயலின்போது கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ; கூரை விளிம்புகளில் இன்னும் அதிகம். அரை மில்லிமீட்டர் தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு நான்கு கிலோதான். மூன்று கிலோ செங்கற்கள் நாலைந்து வைத்து இதை ஈடுகட்ட முடியாது. தகரம் கிளம்பினால் அந்தச் செங்கல்லே சந்தில் போகிறவர் தலையில் விழும். ஷீட்டை ஆங்கிளோடு கொக்கி போல்ட்டால் முடுக்கி, ஆங்கிளைச் சுவரோடு இறுக்குவதுதான் பாதுகாப்பு.

மறுமேம்பாட்டுத் திட்டத்தில் புது வீடு கிடைக்கும் நாள் வரைக்கும் ஒவ்வொரு மழையையும் இந்தக் கூரைகள்தான் தாங்கியாக வேண்டும். 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி இதே மாட்டுங்காவில்தான் இருக்கிறது. மே மாதத்தில் அதன் மாணவர்கள் அளவு நாடாவோடு இந்தச் சந்துகளுக்கு வரட்டும். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த போல்ட் துருப்பிடித்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டியை எந்தச் சுவர் மேல் வைக்கலாம் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்லட்டும். மாற்று போல்ட்டுக்கும் ஆங்கிளுக்கும் மாநகராட்சி பணம் ஒதுக்கட்டும். கோபுரக் கட்டடங்களுக்குக் கிடைக்கும் பொறியியல், பத்துக்குப் பத்து அடிக் கோலியில் (ஒற்றை அறையில்) குடியிருப்பவருக்கும் உரிமைதான்.