காளான் பூத்தலும் மரம் இற்றுப்போதலும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் தைலமரத் தோட்டங்களில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் மழைக்குப்பின் காளான் பூத்தலைக் காண்கிறோம். 'பூத்தல்' என்னும் இவ்வினை பழமையுடையது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், நெடுநாள் மூட்டப்படாத அடுப்பில் தோன்றிய ஆம்பிக்குப் பெருந்தலைச் சாத்தனார் இதனை ஆள்கிறார்; சிறுபாணாற்றுப்படையும் வறியோர் அடுக்களைக் காளாம்பிக்கு இவ்வினையையே தருகிறது. இச்சொல்லாட்சியின் பொருத்தத்தை ஈண்டு ஆராய்வோம்.

மரத்தின் செல்லுலோசு இழைகளை லிக்னின் என்னும் வன்பொருள் பிணித்துக் காக்கிறது. மரத்தை வெளிறச் செய்து இற்றுவிடச் செய்யும் காளான்கள், தம் நுண்ணிழைகளை அதனுட் பரப்பி, நொதிகளைப் புறத்தே சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய லிக்னின் பெராக்சிடேசை அமெரிக்க ஆய்வாளர் 1983இல் கண்டறிந்தனர். அது ஐதரசன் பெராக்சைடின் துணையால் லிக்னினிலிருந்து எலக்ட்ரானைக் கவர்கிறது. அதனால் நிலைகுலைந்த பிணைப்புகள் தாமே முறிகின்றன. லிக்னின் தனித்துக் காளானுக்கு உணவாகாது. உள்ளிருக்கும் செல்லுலோசை அடைதற்கு உடைக்கப்படும் மதில் அது.

இத்துணையும் நிகழ்ந்த பின்னரே குடை புறத்தே தோன்றும். அடுப்பு மரமன்றாயினும், ஆங்கும் இழை முந்தும், குடை பிந்தும். ஆகவே, ஆம்பி பூத்த அடுப்புப் பலநாட் பசியைக் காட்டும் என உரைகாண்டலே பொருந்தும் என்பது நம் துணிபு.