பாலும் பழமும் மட்டும் போதுமா? ஆடி விரதப் பெண்களே, உஷார்!

படவேடு ரேணுகாம்பாள் கோவிலில் ஆடி வெள்ளி என்றால் கூட்டம் அலை மோதும். நேர்த்திக்கடனுக்காக "பாலும் பழமும்தான்" என்று நாள் கணக்கில் விரதம் இருக்கும் பெண்களும் உண்டு. ஆரணிப் பக்கம் பட்டுத்தறியில் உட்காரும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"பால்லதான் எல்லா சத்தும் இருக்கே!" என்பார்கள். இல்லை!

பாலில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் 1 லிட்டர் பால் குடித்தாலும் இரும்புச் சத்து 1 மில்லிகிராம் கூடத் தேறாது. ஒரு பெண்ணுக்கு தினமும் வேண்டியது 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்கு. தாமிரச் சத்தும் பாலில் சொற்பமே. வாழைப்பழம் தெம்பு தரும். இரும்புக் குறையைத் தீர்க்காது.

ஓரிரு நாள் என்றால் பயமில்லை. வாரக்கணக்கில் நீண்டால் ரத்தசோகை வரலாம். களைப்பு வரும், மூச்சு வாங்கும், தறியில் கை ஓடாது. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இப்படி இருக்கவே கூடாது.

வழி என்ன? விரதத்தோடு எள்ளுருண்டை, வேர்க்கடலை சேருங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய். இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட அது உதவும். அந்த நேரத்தில் காபி, டீ வேண்டாம்.

ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை... பாலில் இல்லாத சத்து அதில் இருக்கிறது. விரதம் முடிந்ததும் முதலில் அதைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்!