பிடிவாதம் என்று நினைத்தேன்!

எங்கள் வீட்டில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் மாமியார் கையில்தான். மாதக் கடைசியில் காலண்டரைப் பார்த்தபடியே பத்து நிமிடத்தில் கூட்டிச் சொல்லிவிடுவார். 72 வயதிலும் ஒரு பைசா பிசகாது.

மூன்று வருடங்களுக்கு முன் அதே கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆக ஆரம்பித்தது. ரசத்துக்குப் புளி கரைத்து வைப்பார். அடுத்தது என்ன என்று புரியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். "என்ன அத்தை, குக்கர் கத்துது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்களே!" என்று நான் அலுத்துக்கொண்டால், "இரும்மா, அவசரப்படுத்தாதே" என்பார்.

மறதி என்றும் சொல்ல முடியவில்லை. என் பெரியவளின் காதுகுத்துக்கு யார் யார் வந்தார்கள், எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று வரிசையாகச் சொல்வார். "எல்லாம் ஞாபகம் இருக்கு, வேலை மட்டும் ஓடலை. வேணும்னே பண்றாங்க" என்று என் கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், "விரலெல்லாம் மரத்துப்போச்சு" என்றார். அந்த மரமரப்பு மெல்ல முழங்கை வரை ஏறி, உதட்டோரத்துக்கும் வந்து, பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது. உறவினர் ஒருவர், "இது குட்டி ஸ்ட்ரோக், தினம் ஒரு ஆஸ்பிரின் கொடுங்க" என்றார். நாங்களும் டாக்டரைக் கேட்காமலே கொடுத்தோம். மரமரப்பு மறுபடியும் வந்த பிறகுதான் நரம்பியல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஓரங்களில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்! "இதெல்லாம் ரத்தம் கசிந்த தடயம். முதலில் அந்த ஆஸ்பிரினை நிறுத்துங்கள்" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

நோயின் பெயர் 'செரிப்ரல் அமிலாய்ட் ஆஞ்சியோபதி'. நம் எல்லோருடைய மூளையிலும் அமிலாய்ட் பீட்டா என்ற புரதம் உண்டாகிறது. சிலருக்கு வயதான காலத்தில் அது வெளியேறாமல் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் படிகிறது. உப்புத் தண்ணீர்க் குழாய் நாளடைவில் இற்றுப்போய்க் கசிகிற மாதிரிதான். மூளைக்குப் போகிற ரத்தமும் தடைப்படுவதால் யோசனையும் வேலையும் மந்தமாகின்றன. ஞாபகம் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. பழைய கதைகள் நினைவிருந்தும் ரசம் வைக்கத் தடுமாறியதன் காரணம் இதுதான்!

"அல்ஸைமர் இல்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். முதுகுத்தண்டு நீரைப் பரிசோதிக்கலாம் என்றார். "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காதாமே!" என்று என் நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா சிரித்தார். தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறதாம். ஊசி போடுவது அதற்குக் கீழே. எடுப்பதும் இரண்டு மூன்று டீஸ்பூன்தான். உடம்பு தினமும் சுமார் அரை லிட்டர் நீரைப் புதிதாகச் சுரப்பதால் சில மணி நேரத்தில் ஈடாகிவிடும். அத்தைக்கு இரண்டு நாள் தலைவலி இருந்தது, அவ்வளவே.

அந்த நீரில் அமிலாய்டின் இரண்டு வகைகளை அளக்கிறார்கள்: 40, 42. அல்ஸைமரில் 42 மூளைத் திசுவில் தங்கிவிடுவதால் நீரில் அது குறையும். 40 பெரும்பாலும் குறையாது. டௌ என்ற புரதம் கூடும். அத்தையின் நோயில் குழாய்ச் சுவரில் இரண்டுமே படிவதால் இரண்டும் குறைகின்றன. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் இந்த 40 குறைவதை எடுத்துக்காட்டினார்கள். அத்தைக்கும் இரண்டும் குறைந்திருந்தன. இதை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவு கட்டுவதில்லை. ஸ்கேன், அறிகுறிகள் எல்லாம் சேர்த்தே பார்க்கிறார்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

பிரித்தறிந்து என்ன லாபம் என்கிறீர்களா? அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெகானமாப் போன்ற அல்ஸைமர் ஊசிகள், இப்படிப்பட்ட ரத்தக் குழாய் உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். எங்கள் ஆஸ்பிரினே போதாதா!

இந்த நோயை ஒழிக்க மருந்து இல்லை. நாம் செய்யக்கூடியவை இவை:

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், இதுதான் முக்கியம். உப்பைக் குறையுங்கள்.

ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

குளியலறையில் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபடக் கூடாது.

திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

பால் கணக்கை இன்றும் அத்தைதான் எழுதுகிறார். ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். போன மாதம் ஏழு ரூபாய் தப்பாக வந்தது. பால்காரரிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டேன். "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். "சரியா இருக்கு அத்தை" என்றேன்.