பழைய பதிவை எப்போது அழிக்கலாம்?

நான் புக்கிட் ரோத்தான்காரன். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. "அப்படி என்னதான்பா வேலை?" என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் செக்ரோலைத்தான் உதாரணம் காட்டுவேன்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் விழுந்தால்தான் சம்பளம். கிராணி அன்றன்று செக்ரோலில் எழுதியதே மாதக் கடைசியில் கணக்காகும். கணினியும் அப்படித்தான். நீங்கள் 50 ரிங்கிட் அனுப்பினால், அது முதலில் 'லாக்' எனும் பதிவுக் கோப்பில் ஏறும். நடுவில் மின்சாரம் போனாலும் பதிவைப் படித்துக் கணக்கை நேராக்கிவிடலாம். இதற்கு 'ஏரிஸ்' என்ற முறையை 1992இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த, அப்போது ஐ.பி.எம். ஆய்வாளராக இருந்த சி. மோகன்.

ஒரே கணினியை நம்பாமல், இன்று தரவுக்கு இரண்டு மூன்று நகல்கள் வைக்கிறார்கள். முதன்மைக் கணினி அனுப்பும் பதிவுகளைப் படித்தே நகல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பழைய பதிவுகளை அழிக்காவிட்டால் வட்டு நிரம்பிச் சேவை நின்றுவிடும். அவசரப்பட்டு அழித்தாலோ, பின்தங்கிய நகல் முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதுதான். வேலைப்பளு கூடி நகல் பின்தங்கியது. அதற்குத் தேவையான பதிவுகள் முதன்மைக் கணினியில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தன. நகலைப் புதிதாக அமைக்கும்போது, ஒரு பொறியாளர் நகல் என்று நினைத்து முதன்மைக் கணினியின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் போனது. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் திரும்பவில்லை.

போஸ்ட்கிரெஸ் மென்பொருளில், நகல் 'வாங்கிவிட்டேன்' என்று சொல்லும்வரை பதிவைப் பிடித்துவைக்கும் வசதி உண்டு. ஆனால் செத்துப்போன நகலுக்காகவும் அது காத்திருக்கும், வட்டு நிரம்பும். அதற்கு வரம்பு வைக்கும் அமைப்பு 2020இல் வந்தது.

இத்துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு மூன்று சொல்கிறேன். எந்த நகல் எதுவரை படித்திருக்கிறது என்று பார்க்காமல் பதிவை அழிக்காதீர்கள். பழைய பதிவுகளை வேறிடத்தில் சேமியுங்கள். மாதம் ஒருமுறையாவது காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பாருங்கள்.

மூன்றாவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஒரு கைப்பேசியில் அழித்தால் இன்னொன்றிலும் மறையும் குடும்பப் படம் வெறும் நகல்தான். அது காப்பு ஆகாது.